புதுப்பித்த எஞ்சின் கொதித்தால்: அளந்து அறிவோம், பிறகு செலவிடுவோம்

ஹுக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், கொல்கத்தாவுக்கு வடக்கே, கிராண்ட் டிரங்க் சாலையை ஒட்டி உத்தரபாரா என்னும் ஊர் உள்ளது. 1942-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான் இயங்கியது. 1957 முதல் 2014 வரை அம்பாசடர் கார்கள் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், அவ்வண்டிகளைப் பேணிவருவோர் கொல்கத்தாவிலும் தமிழகத்திலும் இன்றும் உள்ளனர். தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1968-இல் தொடங்கிய பழங்கார் பேரணி, கொல்கத்தாவில் இந்த ஆர்வம் எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்றாகும்.

பழைய வண்டியைப் பேணுவோர் என்றேனும் ஒரு நாள் எஞ்சினை இறக்கி, முழுமையாகப் பிரித்து, மீண்டும் கட்ட வேண்டியிருக்கும். பெருஞ்செலவு பிடிக்கும் அவ்வேலை முடிந்த மறுநாளே எஞ்சின் கொதித்தால் என்ன செய்வது? இம்மாதக் கட்டுரையில் அதனைப் படிப்படியாகக் காண்போம். அம்பாசடரை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், நீரால் குளிரூட்டப்படும் எந்தக் காருக்கும் இவ்வழிமுறையின் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை

நம் வாடிக்கையாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை வாங்கிய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் அவரிடம் உள்ளது. சேமிப்பின் ஒரு பகுதியையும் ஒரு தனிநபர் கடனையும் கொண்டு எஞ்சினைப் புதுப்பித்திருக்கிறார். பிளாக் ரீபோர் செய்யப்பட்டு, புதிய பிஸ்டன்கள், புதிய கேம் ஷாஃப்ட், புதிய ஹெட் கேஸ்கட் பொருத்தப்பட்டுள்ளன. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையன்று குடும்பத்துடன் புறப்படுகிறார். அரை மணி நேரத்தில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. பானெட்டின் ஓரங்களிலிருந்து ஆவி எழுகிறது.

உடன் வந்தவர் ஒருவர் புதிய ரேடியேட்டர் வாங்கச் சொல்கிறார். மற்றொருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்கிறார். மூன்றாமவர், புது எஞ்சின் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார். மூன்று அறிவுரைகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. எவரும் எதையும் அளக்கவில்லை.

மூன்றாவது அறிவுரை மிகவும் ஆபத்தானது. புதிதாகக் கட்டிய எஞ்சினில் உராய்வு சற்று மிகுதியாக இருப்பதால், தொடக்க ஓட்டத்தில் வெப்பம் ஓரளவு கூடுதலாகக் காட்டுவது இயல்பே. ஆனால் கொதிப்பது இயல்பன்று. கொதிக்கும் எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும், கேஸ்கட் கருகும், பிஸ்டன்கள் சிலிண்டர் சுவரில் உரசிக் கீறும். பல வாரங்களின் வேலை சில நிமிடங்களில் வீணாகிவிடும்.

வெப்பம் வெளியேறும் வழி

பெட்ரோல் எரியும்போது சிலிண்டரின் உள்ளே வாயுக்களின் வெப்பம் கணநேரம் 2,000 டிகிரி செல்சியஸைக் கடக்கிறது. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் குளிரூட்டும் நீரில் சேர்கிறது. பிளாக்கிலும் ஹெட்டிலும் உள்ள நீர்ப்பாதைகள் வழியாக வாட்டர் பம்ப் அந்நீரைச் செலுத்துகிறது. ஹெட்டின் முன்பகுதியில் உள்ள தெர்மோஸ்டாட், நீர் குறிப்பிட்ட வெப்பத்தை அடைந்ததும் திறந்து அதனை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கே ஃபேன் இழுக்கும் காற்றும், வண்டி ஓடும்போது எதிர்ப்படும் காற்றும் நீரைக் குளிர்விக்கின்றன.

ரேடியேட்டர் மூடியின் பணியும் எளிதானதன்று. கடல்மட்டத்தை ஒட்டிய கொல்கத்தாவில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். உதகமண்டலத்தின் உயரத்தில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியிலுள்ள வில் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்ட் அழுத்தத்தைத் தாங்குமானால், கடல்மட்டத்தில் கொதிநிலை ஏறத்தாழ 111 டிகிரிக்கு உயர்கிறது. வில் தளர்ந்த மூடி இந்தப் பாதுகாப்பைப் பறித்துவிடும். எனவே, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அழுத்தமே மூடியிலும் பொறிக்கப்பட்டுள்ளதா என்பதைக் காண வேண்டும். வலுவான மூடி நல்லதென்று கருதி மிகை அழுத்த மூடியைப் பொருத்தினால், பழைய ரேடியேட்டரின் பற்றவைப்புகள் பிளந்துவிடக்கூடும்.

கொதித்த அக்கணத்தில்

வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. அழுத்தம் நீங்கியவுடன் உள்ளிருக்கும் நீர் முழுவதும் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். கொதித்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. வார்ப்பிரும்பு திடீரெனச் சுருங்கி விரிசல் காணலாம். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே, தடித்த துணியைப் போர்த்தி மூடியை மெல்லத் திருப்ப வேண்டும்.

பின்னர் வருவதே பழுதறியும் வேலை. செலவில்லாத சோதனை முதலிலும், பெருஞ்செலவு வைக்கும் சோதனை இறுதியிலும் வருமாறு அதனை வரிசைப்படுத்திக்கொள்வோம்.

முதற் படி: வெப்பமானி உண்மை கூறுகிறதா?

முள் சிவப்பில் நின்றால் எஞ்சின் சூடாகிவிட்டது என்றே நாம் கொள்கிறோம். எஞ்சின் வேலையின்போது வெப்ப உணரியை மாற்றியிருந்தாலோ, மின் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ, காட்டி பொய்யுரைக்கலாம். உணரியைக் கழற்றி, அதன் மின் இணைப்பையும் எர்த் இணைப்பையும் விடாமல், கொதிக்கும் நீரில் அமிழ்த்திப் பார்த்தால் 100 டிகிரிக்கு முள் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

அகச்சிவப்பு வெப்பமானி கிடைத்தால் வேலை எளிது. ஆனால் பளபளக்கும் உலோகப் பரப்பை நோக்கி அதனைப் பிடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு நாடா ஒட்டி, அதன்மேல் அளத்தல் நன்று.

இன்னொரு பொய்யும் உண்டு, அது கொடியது. நீர் குறைந்து, உணரி நீரில் மூழ்காமல் வெற்றிடத்தில் நின்றால், எஞ்சின் கருகிக்கொண்டிருக்கும்போதும் முள் கீழேயே நிற்கலாம். ஆகவே முள்ளை நம்புவதற்கு முன் நீர்மட்டத்தைப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாம் படி: சிக்கிய காற்று

புதிதாகக் கட்டிய எஞ்சினில் முதலில் ஐயுற வேண்டியது இதுவே. முற்றிலும் காலியாக இருந்த நீர்ப்பாதைகளில் நீரை ஊற்றும்போது, மூடிய தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் காற்று சிக்கிக்கொள்கிறது. ரேடியேட்டர் நிரம்பி வழியும். ஹெட்டின் உள்ளேயோ நீர் இராது. காற்றுக் குமிழியைச் சுற்றிய உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகி, அங்கு வந்து சேரும் நீரை ஆவியாக்குகிறது.

காற்றை வெளியேற்றும் முறை எளிது. ஆறிய எஞ்சினில், வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்குமாறு சாய்வான இடத்தில் நிறுத்த வேண்டும். ஹீட்டர் இருந்தால் அதன் வால்வைத் திறந்துவிட வேண்டும். மேல் ஹோஸைக் கையால் அழுத்தி அழுத்தி விட்டபடி நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். பிறகு மூடியைப் பொருத்தாமலே எஞ்சினை இயக்கி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை காத்திருந்து, மட்டம் இறங்க இறங்க நிரப்ப வேண்டும். தெர்மோஸ்டாட்டின் தட்டில் காற்று செல்லச் சிறு துளை இல்லையெனில், 3 மில்லிமீட்டர் அளவில் ஒன்று இட்டு, அத்துளை மேற்புறம் அமையுமாறு பொருத்துவது அனுபவசாலிகளின் வழக்கம்.

இவ்விடத்தில் புதுப்பித்த எஞ்சினுக்கே உரிய சிக்கல் ஒன்றைக் கூற வேண்டும். அம்பாசடர் எஞ்சின் போன்றவற்றில் புதிய கேம் ஷாஃப்ட் பொருத்தியிருந்தால், முதன்முறை இயக்கும்போது ஐடிலில் விடாமல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுமாறு கூறுவர். கேமும் டேப்பட்டும் ஒன்றோடொன்று சரியாகப் படிவதற்கு அது தேவை. ஆனால் காற்றை வெளியேற்ற ஐடிலில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இரண்டும் முரண்படுவதால், முதல் இயக்கத்துக்கு முன்பே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஹெட்டுக்குள் நேரடியாக நீர் நிரப்பி, பிறகு அதனை மீண்டும் பொருத்துவதே தக்க வழி. 20 நிமிடம் முடியும் முன் வெப்பம் எல்லை கடந்தால், தயங்காமல் அணைத்துவிட்டு, ஆறிய பின் எஞ்சிய நேரத்தைத் தொடரலாம்.

குமிழிகளைக் கூர்ந்து நோக்குவதும் இப்படியிலேயே செய்யத்தக்கது. சிக்கிய காற்று என்றால் குமிழிகள் சிறிது நேரம் வந்து பிறகு நின்றுவிடும். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய சில நொடிகளிலேயே குமிழிகள் தோன்றி, நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அது எரிந்த வாயு நீரில் கலப்பதன் அடையாளம். அவ்வாறாயின் நேராக ஆறாம் படிக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: எப்போது சூடேறுகிறது?

இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை பாதிப் பழுதை அறிவித்துவிடும். கொல்கத்தாவில் இதனைச் சோதிக்க இரு வகைச் சாலைகள் உள்ளன. படா பஜார் போன்ற நெரிசலான பகுதியில் வண்டி ஊர்ந்தே செல்லும். வித்யாசாகர் சேதுவில் அதிகாலையில் சீரான வேகத்தில் செல்லலாம்.

நெரிசலில் சூடேறி, வேகமாகச் செல்லும்போது முள் இறங்கினால், குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. ஊர்ந்து செல்லும் வண்டிக்கு ஃபேன் ஒன்றே துணை. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா? விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் உள்ளே செல்வது பொதுவான அளவு. ஃபேனைக் கழற்றி மாட்டியபோது முன்பின் மாற்றிப் பொருத்திவிட்டார்களா? அவ்வாறு பொருத்தினாலும் ஃபேன் சுழலும்; காற்றை இழுக்கும் திறன் மட்டும் பெரிதும் குறைந்துவிடும். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரின் முன்புறத்தில், ஃபேனுக்கு எட்டாத பக்கத்தில், ஒரு தாளை வைத்துப் பார்க்கலாம். தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் காற்றோட்டம் போதுமானது. நழுவி விழுந்தால் போதாது. ஃபேனைச் சுற்றி உறை இருந்த வண்டியில் அதனை மீண்டும் பொருத்தாமல் விட்டிருந்தாலும் இதே விளைவுதான்.

நெரிசலில் சரியாக இருந்து, வேகத்தில் சூடேறினால், குறை நீரோட்டத்தில் இருக்கிறது. ரேடியேட்டரின் குழல்கள் துருவாலும் உப்புப் படிவாலும் அடைபட்டிருக்கலாம். சூடான நிலையில் ரேடியேட்டரின் பரப்பெங்கும் வெப்பத்தை அளந்தால், அடைபட்ட பகுதி மட்டும் குளிர்ந்து காணப்படும். மற்றொரு காரணம் கீழ் ஹோஸ். பம்ப் நீரை உறிஞ்சும் பக்கத்தில் அது உள்ளது. மென்மையான ஹோஸாக இருந்து, உள்ளே சுருள்கம்பியும் இல்லையெனில், உயர்வேகத்தில் அது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது பழைய வடிவுக்குத் திரும்பிவிடுவதால் குறை கண்ணில் படாது. எஞ்சினை நின்ற இடத்திலேயே வேகப்படுத்தி, மற்றொருவர் ஹோஸை நோக்கினால் உண்மை விளங்கும்.

வேலையின்போது தூசி புகாமலிருக்க ஹோஸ்களில் திணித்த துணியை எடுக்க மறந்துவிடுவதும் நிகழ்வதுண்டு. மேலும், பழைய வார்ப்பிரும்பு பிளாக்கில் பல்லாண்டுத் துரு சேறாகப் படிந்திருக்கும். பம்பிலிருந்து தொலைவில் உள்ள கடைசி சிலிண்டரைச் சுற்றி அது மிகுதி. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள உலோக வில்லைகளைப் பெயர்த்துச் சுரண்டிக் கழுவாமல் எஞ்சினைக் கட்டியிருந்தால், அந்தச் சேறு பிரிந்து வந்து ரேடியேட்டரை அடைக்கும்.

நான்காம் படி: தெர்மோஸ்டாட்

இதனைக் கழற்றி எறிவது நம் நாட்டில் பரவலான பழக்கம். அது நோய்க்கு மருந்தாகாது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் தேவையான வெப்பத்தை அடையத் தாமதமாகும். அதனால் தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடும்.

கழற்றிச் சோதிப்பதே முறை. பாத்திர நீரில் நூலால் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானியை உடன் வைத்துச் சூடேற்ற வேண்டும். 82 டிகிரி என்று பொறித்திருந்தால் அவ்வெப்பத்தை ஒட்டித் திறக்கத் தொடங்கி, மேலும் சில டிகிரிகளில் முழுமையாகத் திறந்துவிட வேண்டும். புதியதாயினும் சோதித்தே பொருத்துதல் நன்று. வெப்பத்தை உணரும் குமிழ்ப்பகுதி எஞ்சினை நோக்கியிருத்தல் வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் காலத்தில் திறக்காது.

ஐந்தாம் படி: நீருக்கு அப்பாற்பட்ட காரணங்கள்

குளிரூட்டும் அமைப்பில் எக்குறையும் இல்லாமல் எஞ்சின் சூடாவதும் உண்டு. எஞ்சின் கட்டும்போது டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டுகின்றனர். தீப்பொறி தாமதமாக விழுமாறு டைமிங் அமைந்துவிட்டால், எரிதல் பின்தள்ளிப்போய், வெப்பம் சிலிண்டர் சுவரிலும் புகைபோக்கியிலும் மிகுதியாகச் சேரும். இழுவை குன்றுவது இதன் துணை அடையாளம். கார்புரேட்டரில் பெட்ரோலின் பங்கு குறைந்து காற்று மிகுந்தாலும் வெப்பம் கூடும்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி குறைந்திருந்தால் உராய்வே வெப்பத்தைப் பெருக்கும். குளிர்ந்திருக்கும்போது எளிதாகச் சுழலும் எஞ்சின், சூடானபின் ஸ்டார்ட்டரால் சுழற்ற இயலாமல் திணறினால் இதனை ஐயுறலாம். இது ஓட ஓடச் சரியாகும் என்று விட்டுவிடத்தக்கதன்று.

ஆறாம் படி: ஹெட் கேஸ்கட்

நிற்காத குமிழிகள், காரணமின்றிக் குறையும் நீர், எண்ணெய் அளவுகோலில் பால் கலந்தது போன்ற நிறம், அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் குறைந்த கம்ப்ரஷன் ஆகியவை கேஸ்கட் கசிவின் அடையாளங்கள். உறுதி செய்துகொள்ள ஒரு வேதிச் சோதனை உண்டு. ரேடியேட்டரின் வாயிலில் எழும் காற்றை நீலத் திரவம் ஒன்றின் வழியாக உறிஞ்சும்போது, எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும்.

ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், பழைய கேஸ்கட்டை எறிந்துவிடாமல் ஆராய வேண்டும். அதன் நீர்த்துளைகள் பிளாக்கின் துளைகளோடு பொருந்துகின்றனவா? முன்பின் மாற்றி வைத்திருந்தால் சில துளைகள் அடைபட்டிருக்கும். ஹெட்டின் பரப்பு சமமாக உள்ளதா? போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் வெளிநோக்கி, டார்க் ரெஞ்ச் கொண்டு, குறித்த அளவுக்குப் பல கட்டங்களாக முறுக்கினார்களா? முதல் ஓட்டத்துக்குப் பின் மீண்டும் முறுக்க வேண்டிய கேஸ்கட் வகையாயின், அது செய்யப்பட்டதா? இவை அனைத்தும் கேட்டறிய வேண்டியவை.

நம் எடுத்துக்காட்டு வண்டி

நம் வாடிக்கையாளர் இந்த வரிசையைப் பின்பற்றியதாகக் கொள்வோம். கொதிநீர்ச் சோதனையில் வெப்பமானி சரியென்று தெரிந்தது. காற்றை வெளியேற்றியபோது குமிழிகள் வந்து நின்றன. நீரும் கணிசமாக உள்ளே இறங்கியது. முன்னேற்றம் தெரிந்தது. ஆயினும் நெரிசலில் முள் மீண்டும் ஏறியது. பாலத்தின் மேல் இறங்கியது. ரேடியேட்டரின் முன் வைத்த தாள் நழுவி விழுந்தது. ஃபேன் முன்பின் மாறியிருந்தது. நான்கு போல்ட்டுகளைக் கழற்றித் திருப்பி மாட்டியதும் குறை நீங்கியது. வாங்கச் சொன்ன புதிய ரேடியேட்டர் தேவைப்படவில்லை. வாங்கியிருந்தாலும் பயன் விளைந்திராது.

பணத்தைக் காக்கும் சில வழிகள்

வாகனக் காப்பீடு இருக்கிறதே என்று எண்ணி இருத்தல் கூடாது. வழக்கமான மோட்டார் காப்பீட்டில் தேய்மானமும் இயந்திரப் பழுதும் விலக்கப்பட்டவை. விபத்தின்றிக் கொதித்துக் கெட்ட எஞ்சினுக்கு இழப்பீடு கிடைக்காது. கூடுதல் பாதுகாப்பு பெற்றிருப்போர், அதன் விதிகளில் எவை அடங்குகின்றன என்பதை முன்னரே படித்தறிதல் நலம்.

எஞ்சின் வேலைக்கு ஒப்படைக்கும்போதே சிலவற்றை எழுத்தில் பெறலாம். ரீபோர் அளவு, பிஸ்டன் இடைவெளி, ஹெட் சமப்படுத்திய அளவு, அழுத்தச் சோதனையின் முடிவு, டார்க் அளவு ஆகியவை ரசீதோடு இணைந்திருக்கட்டும். கூலியின் ஒரு பகுதியை, முதல் 1,000 கிலோமீட்டர் ஓட்டமும் மறுசோதனையும் முடிந்த பின் தருவதாக முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டால், பணிமனைக்கும் நமக்கும் மனத்தாங்கல் இராது. ரேடியேட்டரைக் கழுவுதல், ஹோஸ்கள், பெல்ட், மூடி, தெர்மோஸ்டாட் ஆகியவற்றை மாற்றுதல் ஆகிய சிறு செலவுகளை எஞ்சின் வேலையின் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். கடன் வாங்குவோர் இவற்றை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், பின்னர் மாதத் தவணையும் செலுத்தி, நிற்கும் வண்டிக்குச் செலவும் செய்ய நேரும்.

குளிரூட்டும் அமைப்பில் ஊற்றும் நீரிலும் சிக்கனம் வேண்டா. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் படிவை உண்டாக்கும். கனிமம் நீக்கிய நீருடன் கூலன்ட் கலந்து பயன்படுத்துவதே சிறந்தது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சாதலால், குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாமல் வைத்தல் கடமை.

இறுதியாக, வண்டியில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். நாள், சென்ற தொலைவு, ஊற்றிய நீரின் அளவு, நெரிசலிலும் வேகத்திலும் முள் நின்ற இடம் ஆகியவற்றை முதல் 1,000 கிலோமீட்டர் வரை எழுதிவருவோம். வங்கிக் கணக்கேட்டைப் பார்த்துச் செலவு எங்கே கூடுகிறது என்று அறிவதைப் போல, அக்குறிப்பேட்டைப் பார்த்து எஞ்சினில் குறை எங்கே தொடங்குகிறது என்பதை, அது பெரும் பழுதாக வளரும் முன்பே அறிந்துகொள்ளலாம்.